மைதீன் காக்காவோடு என்னைச் சேர்த்துக் கட்டிய வார்

மைதீன் காக்கா, இன்றைக்கும் காலையிலிருந்து மழை விடவில்லை. உன் வண்டியை யாரோ சுவரோரமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சீட்டுக்குப் பாலிதீன் கவர் போட்டு நான்தான் கட்டினேன். இனிமேல் அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று உம்மா கேட்டாள். நான் முடிச்சைப் போட்டு முடித்தேன்.

நம்ம கல்லிச் சந்தில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், மழை என்றால் ஆர்டர் கூட வரும் என்று சந்தோஷப்படுகிறவர்கள், எல்லோரும் கேளுங்கள். மையித்தை அடக்கம் செய்ய வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வண்டியா? இல்லை. மைதீன் காக்கா, என் அண்ணன், வண்டியில் விழுந்து போகவில்லை. காய்ச்சலில் போனான். மழையில் அவன் விழுந்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அவன் முதுகோடு என்னைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கழுத்தில் நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி வந்தது. டிபி என்று சொன்னார்கள். முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். தினமும் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உடம்பில் இருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் எதுவும் கேட்காது என்று டாக்டர் உம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உம்மாவுக்கு வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. கருத்தால் திட்டுவாள், வெளுத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்பாள்.

அந்த ஊசி நம்ம லேபர் கேம்ப் முனையில் இருந்த தவாகானா என்கிற சிறு மருந்தகத்திலேயே போட்டார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனால் அங்கே போகக் கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள், நம்ம ஜமாத்துக்காரர்கள். பெண் பிள்ளைக்கு டிபி என்று ஒருத்தர் வாயில் விழுந்தால் போதும், நாளைக்கு மாப்பிள்ளை பேசும்போது முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும். அதனால் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி, நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில் இருந்த ஒரு தர்ம மருந்தகத்துக்கு எழுதி வாங்கினார். கல்லியில் கேட்டவர்களிடம், பிள்ளைக்கு இரத்தம் கம்மி, சத்து ஊசி போடுகிறோம் என்று சொன்னார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த மழையில் சத்து ஊசிக்கு யார் தினமும் அவ்வளவு தூரம் போவார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கொண்டுபோய்க் கொண்டு வருகிற வேலை காக்காவுக்கு. அவன் லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வண்டி, வாப்பா சரக்குக் கொண்டுபோகிற பழைய மோட்டார் சைக்கிள். சீட்டு கிழிந்து உள்ளே ஸ்பாஞ்ச் தெரியும். மழை பெய்தால் அந்த ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், உட்கார்ந்தால் துணி நனைந்துவிடும். காக்கா அதற்கு மேல் ரெக்சின் போட்டால் வழுக்கும் என்று சாக்கு போட்டு, சாக்கின் மேல் பிளாஸ்டிக் போட்டு, பிளாஸ்டிக்கின் மேல் திரும்பவும் சாக்கு போட்டுக் கட்டினான். பிளக்கில் தண்ணீர் போகாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான். அவனுடைய பழைய ஹெல்மெட்டை எனக்குப் போட்டால் மூக்கு வரைக்கும் இறங்கிவிடும். வாப்பாவின் தோல் பட்டறையில், கார்கானா என்போம், தோல்பைகளுக்கு வைக்கிற ஸ்பாஞ்சை உள்ளே ஒட்டி என் தலைக்குச் சரியாக்கினான். அந்த ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை கிளம்பும்போதே எனக்குக் குமட்டும்.

ரெயின்கோட் ஒன்றுதான். அவன் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கி என் தலைமேல் மூடிவிடுவான். உள்ளே ஒரே இருட்டு. அவன் வியர்வையும் பெட்ரோலும் ரப்பரும் கலந்த வாசனை. எனக்குத் தெரிவது என் கால் பக்கத்துத் தரை மட்டும்தான். தண்ணீர் ஓடுகிற தரை, வெள்ளைக் கோடு, சாக்கடைக் கட்டர் மூடி, திரும்பவும் தண்ணீர். வெள்ளைக் கோடு வந்தால் அவன் உடம்பு விறைத்துக்கொள்ளும், அது எனக்கு முதுகு வழியாகத் தெரியும். பெயின்ட் நனைந்தால் சோப்பு மாதிரி, அதன் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்பான். முதல் மழைதான் மோசம், ரோட்டில் இருக்கிற எண்ணெய் எல்லாம் மேலே வரும் என்பான். முன்னால் போகிற வண்டியின் டயர் தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் போகுமே, அந்தத் தடத்திலேயே போவான். பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகவே மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருந்தான். தரை தெரியாத தண்ணீரில் வண்டியை ஓட்டக் கூடாது. இறங்கிவிடுவான். என்னை மேலேயே உட்கார வைத்துவிட்டு, காலால் முன்னால் தடவித் தடவிப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போவான். எங்கே மூடி இல்லாமல் திறந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

அந்த ஊசி போட்டால் தலை சுற்றும். திரும்பி வரும்போது சயான் பக்கத்தில் ஒரு நாள் நான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். காக்கா ஒற்றைக் கையால் என் கவுனைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, பிள்ளையைக் கட்டி வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காக்கா உம்மாவின் துப்பட்டாவை எடுத்து என்னை அவன் இடுப்போடு கட்டினான். முன்னால் ஒரு சுருக்குப் போட்டு நுனியைத் தொங்கவிட்டான். வாப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னல முடிச்சு?"

"இழுத்தா அவுந்துரும் வாப்பா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அவுந்துரும்."

காக்கா ஏதோ சொல்ல வந்தான். வாப்பா அதற்குள் ஏணியில் இறங்கிவிட்டார். மேலே வீடு, கீழே கார்கானா, நடுவில் இரும்பு ஏணி. எங்களுக்கு பெல்ட் தொழில். தைத்தது விட்டுப்போச்சு என்று யாரும் எங்கள் வாப்பாவிடம் திரும்பி வந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார், ஆனால் வேறு யாராவது சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு ஒரு வார் தைத்தார். சரக்குக்கு வைத்திருந்த தோலில் இருப்பதிலேயே கனமானதை எடுத்து, கையகலத்துக்கு வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, மெஷினில் போடாமல் கையாலேயே தைத்தார். ஓரத்தில் இரண்டு வரி. பக்கிளுக்கு இரும்பு. கார்கானாவில் வேலை செய்கிற அண்ணன்மார் எல்லோரும் வாங்கி வாங்கி இழுத்துப் பார்த்தார்கள். ஒருத்தர், இதில் எருமையைக் கட்டலாம் முதலாளி என்றார். மற்றவர், எருமை வேண்டாம் என்று சொல்லிவிடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து, காக்காவின் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்து மாட்டி, பக்கிளைப் போட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். அவர் கையில் தோல் வாசனை அடித்தது. எனக்கு அப்போது அவ்வளவு தைரியமாக இருந்தது. உலகத்தில் எதுவும் என்னைக் கீழே தள்ள முடியாது என்று நினைத்தேன்.

காக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பக்கிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். வாப்பாவிடம் சொல்ல முடியாது. அவர் அன்போடு தைத்தது அது.

மழையில் தோல் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நனைந்தால் ஊதும். நாலைந்து நாள் விடாமல் நனைந்ததில் அந்த வார் ஊதி, ஓட்டை சுருங்கி, பக்கிளின் முள் உள்ளே இறுகிப்போனது. போகும்போது மருந்தக வாசலில் காக்கா எப்படியோ கழற்றிவிடுவான்; திரும்பி வந்ததும் வீட்டில் ஒவ்வொரு நாளும் உம்மாவும் காக்காவும் சேர்ந்து, ஆணியை விட்டு நெம்பித்தான் கழற்றினார்கள். வாப்பா அப்போது கீழே வேலையில் இருப்பார். காய வைத்து எண்ணெய் தடவி மறுநாள் காலையில் திரும்பவும் மாட்டிவிடுவார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. முந்தின நாள் இராத்திரி முழுக்கக் கொட்டியிருந்தது. இன்றைக்குப் போக வேண்டாம் என்று உம்மா சொன்னாள், ஒரு நாள்கூட விடக் கூடாதே என்று அவளே அழுதாள். மருந்தகத்தை மதியத்தோடு மூடிவிடுவார்கள். காக்கா என்னைத் தூக்கி உட்கார வைத்தான், வாப்பா மாட்டினார், கிளம்பினோம்.

கிங்ஸ் சர்க்கிளுக்கு முன்னால் ரோடே இல்லை. தண்ணீர். ரெயின்கோட்டுக்குக் கீழே பார்க்கிறேன், காப்பி நிறத்தில் தண்ணீர் என் செருப்பைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. காக்கா வண்டியை நிறுத்தினான். இறங்கித் தள்ளத்தான் நினைத்தான். ஆனால் இறங்க வேண்டும் என்றால் என்னைக் கழற்ற வேண்டும். பக்கிளை இழுத்தான். முள் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வயிறு உள்ளே போய் வெளியே வருவது என் கைக்குத் தெரிந்தது. முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் என்னைச் சுமந்துகொண்டு வண்டியைத் தள்ள முடியாது. வண்டியை அங்கேயே விடலாம் என்றால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. மருந்தகம் மூடுகிற நேரம் வேறு.

"ஏ புள்ள, கால நல்லாத் தூக்கிக்க. பயப்படாத."

முதல் கியரில் மெதுவாகப் போனான். எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே போனான். பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ்ஸை நான் பார்க்கவில்லை, அலையைத்தான் பார்த்தேன். என் முழங்கால் வரைக்கும் ஏறியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவன் காலை ஊன்றினான், ஊன்றின இடத்தில் தரை இல்லை.

விழுந்ததும் ரெயின்கோட் என் முகத்தை மூடிக்கொண்டது. வாயில் தண்ணீர். காக்காவின் கால் வண்டிக்கு அடியில். மல்லாக்க விழுந்திருந்தால் நான் அவனுக்குக் கீழே, தண்ணீருக்குள்ளே. அவன் மல்லாக்க வரவில்லை. முகத்தைக் கவிழ்த்துத் திரும்பினான். எவ்வளவு யோசித்தும் எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியாதது அதுதான், அந்த நேரத்தில் ஒரு மனுஷனுக்கு எப்படி அது தோன்றும். கையை ஊன்றி, முதுகை மேலே தூக்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான். நான் அவன் முதுகின் மேல் தண்ணீருக்கு வெளியே இருந்தேன். ஹெல்மெட் மட்டும் எனக்கு முன்னால் தெரிந்தது, அதுவும் பாதிதான். அவன் தலையைத் தூக்கினால் நான் சரிந்து உள்ளே போவேன். அவன் தூக்கவில்லை.

ஆட்கள் ஓடி வந்தார்கள். என்னைப் பிடித்து இழுத்தார்கள், நான் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள். ஒருத்தர் என் கையை முறுக்கியே விட்டார். பிள்ளை பயத்தில் இறுகப் பிடித்திருக்கிறது என்று நினைத்து, விடு விடு என்று ஹிந்தியில் கத்தினார்கள். நான் எதையும் பிடித்திருக்கவில்லை. ஓரத்தில் பூக்கடை வைத்திருந்த ஒரு அக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி வந்து, ரெயின்கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கட்டிப் போட்டிருக்குய்யா. ரெண்டையும் சேத்துத் தூக்கு."

சேர்த்துத் தூக்கினார்கள். காக்கா ஹெல்மெட்டைக் கழற்றினான், அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. வாந்தி எடுத்தான். இருமினான். மூச்சு வந்ததும் அந்த அக்காவிடம், மணி என்ன என்று கேட்டான். மூச்சு வந்து முதலில் கேட்டது அதைத்தான். அவர் சொன்னதும், வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என்னோடு நடக்க ஆரம்பித்தான். அவன் நொண்டினான். என் செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது, சிவப்பு செருப்பு, பூ வைத்தது. நான் அதற்கு அழுதேன். அவன் வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

மருந்தகத்துக்குள் நாங்கள் போன கோலத்தைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குரங்கும் குட்டியும் என்று ஒருத்தர் சொன்னார். ஊசி போடுகிற சிஸ்டர் சிரிக்கவில்லை. கட்டு வெட்டுகிற பெரிய கத்தரியைக் கொண்டுவந்தார். தோலில் அது இறங்கவே இல்லை. தையலில் வைத்தார், அதுவும் இறங்கவில்லை. வார்டுபாய் வந்து, இரண்டு பேருமாகப் பிடித்துத்தான் அறுத்தார்கள். கழன்றதும் என் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். காக்காவுக்கு இரத்தமே வந்திருந்தது. சிஸ்டர் எனக்கு ஊசியைப் போட்டுவிட்டு, மருந்துச் சீட்டில் இருந்த அட்ரஸைப் பார்த்தார். உங்கள் ஏரியாவிலேயே இதே ஊசி போடுகிறார்களே, இந்தத் தண்ணீரில் பிள்ளையைக் கட்டித் தூக்கிக்கொண்டு எதற்கு இங்கே வருகிறாய் என்று கேட்டார். காக்கா அறுந்த வாரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அறுந்த வாரை வாப்பா கையில் கொடுத்தான். உம்மா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். வாப்பா வாரை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தையலைத் தடவினார். அவர் பழக்கம் அது, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் தையலைத்தான் பார்ப்பார்.

"ஒரு தையல்கூட விடல," என்றார்.

"அதான் வாப்பா. விட்டிருக்கணும்."

வாப்பா நிமிர்ந்தார். காக்கா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவன் குரலை உயர்த்தவில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னான். முகத்தை எங்கே வைத்தான் என்பதைச் சொல்லும்போது மட்டும் உம்மா, போதும் என்றாள்.

"நாளைக்கு இவள இங்கனயே கூட்டிட்டுப் போறேன். கேம்ப் முனைக்கு."

"ஜமாத்துல என்ன பேசுவானுவ தெரியுமா உனக்கு? நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது பொல்லாது..."

"இவ இருந்தாத்தான வாப்பா, நல்லது பொல்லாது."

வாப்பா வாரைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் கார்கானாவில் உட்கார்ந்திருந்தார், மெஷின் சத்தம் கேட்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை எங்கள் வாப்பா. என்னைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். அவருக்கு எது விடாமல் பிடித்துக்கொள்ளுமோ அதுதான் நல்லது. ஆபத்தில் விட்டுவிட வேண்டும் என்பது ஒரு பெல்ட்காரருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளும் மழைதான். காக்காவின் முழங்கால் வீங்கியிருந்தது. என்னைத் தூக்கிக்கொள்ள அவன் குனிந்தபோது, வாப்பா வந்து அவனை நகர்த்திவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டார். கல்லி வழியாகவே போனோம். குழாயடியில் நின்ற மாமிகள் பார்த்தார்கள். எங்கே காலையிலேயே என்று ஒருத்தர் கேட்டார். வாப்பா நின்று, பிள்ளைக்கு டிபி, ஊசி போடப் போகிறேன் என்று சொன்னார். சொல்லிவிட்டு என்னை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். சில வீடுகளில் அவர்கள் பிள்ளைகளை என்னோடு விளையாட விடவில்லை. ஒரு மாமி மட்டும் தினமும் ஆட்டுக்கால் சூப் அனுப்பினார், அவர் மகளுக்கும் இதேதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவரும் எங்கேயோ தூரத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாராம்.

ஒரு ஊசியும் விடவில்லை. கட்டி கரைந்தது. நான் இருக்கிறேன்.

காக்கா அதற்குப் பிறகு எத்தனை மழையில் ஓட்டினான். தேவ்நார், செம்பூர் என்று சரக்கோடு அலைந்தான், அப்புறம் உங்களை மாதிரி சாப்பாட்டுப் பை மாட்டினான். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இந்த மழையிலும் தண்ணீரைப் பார்த்தால் இறங்கித் தள்ளத்தான் செய்தான். குதிகாலில் தகரம் கிழித்த காயம் இருந்தது. அதோடு இறங்கியிருக்கிறான். காய்ச்சல் வந்தது, மழைக் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். கண் மஞ்சளானபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. லெப்டோ என்றார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வருவதாம். சீக்கிரம் வந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்றார்கள்.

அதனால் தண்ணீரில் இறங்கித் தள்ளுங்கள், அவன் சொன்னது சரிதான். ஆனால் காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தண்ணீரில் நின்றேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நாள் ஆர்டர் போனால் போகட்டும். உங்கள் வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறுமையில் ஒரு பாலம் உண்டு, முடியை விட மெல்லிசு, எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அவனுக்கு வண்டி கிடையாது, முதுகில் நானும் இல்லை. மைதீன் காக்கா அதை வழுக்காமல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் துஆ செய்யுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே கேளுங்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் அங்கே கேளுங்கள். அவன் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.